குடும்பத்துக்கும் பயிற்சிக்கும் ஒரே விமானம்: செஸ்னா 172, பைப்பர் செரோக்கி ஆகியவற்றின் வரலாறு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாரம் முழுவதும் ஓடும் காரை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியூர் போகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் இது அவ்வளவு எளிதல்ல. பயிற்சிக்கு இரண்டு இருக்கை போதும். குடும்பத்துக்கு நான்கு வேண்டும். மாணவர் செய்யும் தவறைப் பயிற்சி விமானம் உடனே உணர்த்த வேண்டும். குடும்ப விமானமோ தவறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி விமானம் ஒரே நாளில் பலமுறை தரையில் மோதாத குறையாக இறங்கும். குடும்ப விமானம் பல வாரம் கொட்டகையில் சும்மா நிற்கும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே விமானத்திடம் வாங்க முடியுமா என்ற கேள்விக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கத் தொழிற்சாலைகள் பல விடைகளைக் கொடுத்துப் பார்த்தன. அவற்றில் நிலைத்தவை செஸ்னா 172, பைப்பர் செரோக்கி ஆகிய இரண்டு மட்டுமே என்று சொன்னால் மிகையாகாது.

கப் விட்டுச்சென்ற இடம்

போருக்கு முந்தைய அமெரிக்காவில் பறக்கக் கற்பது என்றாலே பைப்பர் நிறுவனத்தின் ஜே-3 கப்தான். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலிலிருந்து வந்த வில்லியம் பைப்பர் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஊரில் இதைத் தயாரித்தார். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணிப் போர்வை, பெரும்பாலானவற்றில் 65 குதிரைத்திறன் எஞ்சின், ஒன்றன்பின் ஒன்றாக இரு இருக்கைகள். தனியாகப் பறக்கும் விமானி பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். 1947 வரை 19,000க்கும் மேற்பட்ட கப் விமானங்கள் வெளிவந்தன. அரசின் குடிமக்கள் விமானி பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களில் பெரும்பகுதியினர் இதில்தான் முதன்முதலாக வானேறினர்.

பயிற்சிக்கு இது அருமையான விமானம். ஆனால் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு 300 மைல் தள்ளியிருக்கும் மாமியார் வீட்டுக்குப் போக இது உதவாது.

போர் முடிந்ததும் வீடு திரும்பிய படைவீரர்களின் படிப்புக்கு அரசு பணம் கொடுத்தது. விமானப் பயிற்சிக் கட்டணமும் அதில் அடங்கும். இனி ஒவ்வொரு நடுத்தரக் குடும்பமும் கார் வாங்குவது போல விமானம் வாங்கும் என்று தொழிலதிபர்கள் நம்பினார்கள். 1946இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 35,000 குடிமை விமானங்கள் உற்பத்தியாயின. 1949இல் அந்த எண்ணிக்கை சுமார் 3,500. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய இந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம், விற்கப்பட்டவற்றில் மிகப் பல இரண்டு இருக்கை விமானங்கள் என்பது. கற்றுக்கொண்டவர்கள் கற்று முடித்தார்கள். அதன்பிறகு அந்த விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தின் வித்தியாசமான முயற்சி எர்கூப். ஃபிரெட் வீக் என்ற பொறியாளர் வடிவமைத்த இவ்விமானத்தின் தொடக்க மாதிரிகளில் காலால் மிதிக்கும் சுக்கான் பெடல்களே கிடையாது. காரைப் போலச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். சுழன்று விழவே முடியாதபடி அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் அசைவு வரையறுக்கப்பட்டிருந்தது. மேசிஸ் என்னும் பெரிய பல்பொருள் அங்காடியிலேயே இதை விற்பனைக்கு வைத்தார்கள். குடும்பத் தலைவருக்கு இதைவிடப் பாதுகாப்பான விமானம் இல்லை என்பது விளம்பரத்தின் சாரம். பயிற்றுநர்களுக்கோ இது பிடிக்கவில்லை: பெடல் இல்லாத விமானத்தில் கற்றவர் பெடல் உள்ள விமானத்தில் ஏறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எர்கூப்பும் இரண்டு இருக்கை விமானமே. ஆனால் ஃபிரெட் வீக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் இந்த வரலாற்றில் மறுபடியும் வருவார்.

மூக்குச் சக்கரம்

அக்காலச் சிறு விமானங்களில் பெரும்பாலானவை முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலின் கீழ் ஒரு சிறு சக்கரமும் கொண்டவை. இந்த அமைப்பில் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரையில் ஓடும்போது விமானம் சற்றே திரும்பினால் பின்னாலிருக்கும் எடை அந்தத் திருப்பத்தை இன்னும் பெரிதாக்கும். விமானி உடனே காலால் சரிசெய்யாவிட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறக்கை நுனியைத் தரையில் தேய்க்கும். மூக்கின் கீழ் சக்கரம் வைத்தால் எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிடும். அப்போது அதே எடை விமானத்தை நேராக இழுக்கும்.

செஸ்னா 1948இல் விற்கத் தொடங்கிய 170 நான்கு இருக்கை கொண்டது, ஆனால் வால்சக்கர விமானம். பைப்பர் 1951இல் தன் பேசர் விமானத்துக்கு மூக்குச் சக்கரம் பொருத்தி டிரை-பேசர் என்று பெயரிட்டது. குட்டையான உடலும் மூன்று கால்களும் கொண்ட அதைப் 'பறக்கும் பால் முக்காலி' என்று விமானிகள் கேலி செய்தார்கள். கேலி செய்தாலும் வாங்கினார்கள்.

செஸ்னா தன் பதிலைச் சில ஆண்டுகள் தாமதித்தே கொடுத்தது. 170இன் உடலை எடுத்து, வாலை மாற்றி, மூக்குச் சக்கரம் வைத்து உருவான 172 முதலில் பறந்தது 1955 ஜூனில். 1956ஆம் ஆண்டு மாதிரியாக அது விற்பனைக்கு வந்தபோது விலை 8,995 டாலர். 145 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் எஞ்சின், முழுக்க உலோக உடல், இரு பக்கமும் கதவு. முதல் முழு ஆண்டில் 1,400க்கும் மேல் உற்பத்தியாயின. 170 விரைவில் நிறுத்தப்பட்டது.

172 எதிலும் முதலிடம் பெறும் விமானம் அல்ல. அதைவிட வேகமானவை, அழகானவை, அதிகச் சுமை தூக்குபவை அப்போதே இருந்தன. அதன் பலம் எதிலும் மோசமாக இல்லாததில் இருந்தது. உறுதிக்குச் சான்றாக லாஸ் வேகஸ் நகரில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லலாம். ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் ஹசியெண்டா விடுதியின் விளம்பரத்துக்காக ஒரு 172இல் 1958 டிசம்பர் 4 அன்று புறப்பட்டு, 1959 பிப்ரவரி 7 அன்றுதான் தரையிறங்கினார்கள். 64 நாள் 22 மணி 19 நிமிடம். பாலைவனச் சாலையில் ஓடும் லாரியின் மேல் தாழப் பறந்து குழாய் மூலம் பெட்ரோல் ஏற்றிக்கொண்டார்கள். அந்த விமானம் இன்று லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது.

செரோக்கி 140

டிரை-பேசரின் துணிப் போர்வை பைப்பருக்குச் சுமையாகிக்கொண்டிருந்தது. உலோக விமானத்தோடு போட்டியிட உலோக விமானமே வேண்டும். ஜான் தோர்ப், கார்ல் பெர்கி ஆகியோருடன் சேர்ந்து புதிய விமானத்தை உருவாக்கும் பொறுப்பு ஃபிரெட் வீக்கிடம் வந்தது. பெடல் இல்லாத எர்கூப்பை வடிவமைத்த அதே வீக். இம்முறை அவர் பெடல்களை எடுக்கவில்லை. ஆனால் அடங்காத குணம் எதுவும் இல்லாத விமானம் வேண்டும் என்ற பழைய எண்ணம் அப்படியே இருந்தது. தாழ் இறக்கை, சாக்லேட் கட்டி போல நீள்சதுரமான இறக்கை வடிவம், குறைந்த பாகங்கள், எளிய தயாரிப்பு. புளோரிடாவின் வீரோ பீச் ஊரில் புதுத் தொழிற்சாலை. 1961இல் செரோக்கி வாங்குவோர் கைக்கு வந்தது.

1964இல் வந்த செரோக்கி 140 தான் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மிக நேரடியான விடை. பைப்பருக்கு மலிவான பயிற்சி விமானம் தேவைப்பட்டது. 1950களின் இறுதியில் வந்த செஸ்னா 150 பயிற்சிப் பள்ளிகளை வளைத்துப் போட்டிருந்தது. புதிதாக ஒரு சிறிய விமானத்தை வடிவமைக்காமல், நான்கு இருக்கைச் செரோக்கியின் பின் இருக்கையை எடுத்துவிட்டு, எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் குறைத்து 140 குதிரைத்திறனாக்கி, அதையே பயிற்சி விமானம் என்று விற்றது பைப்பர். வாங்கியவர்கள் உடனே கேட்டது பின் இருக்கையைத்தான். அடுத்த ஆண்டே எஞ்சினின் முழு 150 குதிரைத்திறனும் விருப்பமானால் பின் இருக்கையும் கிடைத்தன. காலையில் பள்ளி, மாலையில் குடும்பம். 1977 வரை 10,000க்கும் மேற்பட்ட செரோக்கி 140 விமானங்கள் உற்பத்தியாயின.

வாங்கியவர் செலவைச் சமாளிக்க இன்னொரு வழியும் உருவானது. விமானத்தை உள்ளூர்ப் பயிற்சிப் பள்ளிக்குக் குத்தகைக்கு விடுவது. பள்ளிக்கு முதலீடு மிச்சம். உரிமையாளருக்கு மணிக்கு இவ்வளவு என்று வருமானம். வரிச் சலுகையும் உண்டு. 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தம் முதலீட்டுக்கான வரிக் கழிவை நீக்கும்வரை இந்த ஏற்பாடு கொடிகட்டிப் பறந்தது. சனிக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்று நினைத்த உரிமையாளர், அன்றுதான் மாணவர்கள் மிக அதிகமாக வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

நான்கு இருக்கை, இரண்டரை ஆள்

விற்பனைத் தாளில் 'நான்கு இருக்கை' என்று இருப்பதை நம்பி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது எடைக் கணக்கு. 1970களின் இறுதியில் வந்த செஸ்னா 172என் மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,300 பவுண்டு, அதாவது 1,043 கிலோ. வெறும் விமானம் ஏறத்தாழ 1,430 பவுண்டு இருக்கும். மீதி 870. பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 40 காலன். காலனுக்கு 6 பவுண்டு வீதம் 240. ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் எஞ்சுவது 630 பவுண்டு, ஏறத்தாழ 286 கிலோ. ஆளுக்கு 77 கிலோ என்றால் நான்கு பெரியவர்கள் 308 கிலோ. பெட்டி எதுவும் இல்லாமலேயே எடை கூடிவிடுகிறது. இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறு குழந்தைகள், ஒரு பை என்றால் சரியாக இருக்கும். அந்தக் குழந்தைகள் வளர்வார்கள் என்பதுதான் சிக்கல்.

இதற்குத் தீர்வு பெட்ரோலைக் குறைப்பது. செரோக்கியில் தொட்டியின் வாய்க்குள் ஓர் உலோக நாக்கு இருக்கும். பெட்ரோல் அதைத் தொடும்வரை ஊற்றினால் தொட்டி முழுதாக நிரம்பாமல் ஒரு பக்கத்துக்கு 18 காலன் அளவில் நிற்கும். ஆள் கூடுதலாக ஏறும் நாளில் அதுவரைதான் ஊற்றுவார்கள்.

பயிற்சிக்கும் இதே விமானத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. 172 இரு வகைகளில் சான்று பெற்றது. சாதாரண வகையில் 2,300 பவுண்டு. சுழல் வீழ்ச்சி போன்ற பயிற்சிகளுக்கான வகையில் 2,000 பவுண்டு மட்டுமே. பின் இருக்கையில் யாரும் இருக்கக் கூடாது. இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து தூக்கும் விசை சரிவதை ஸ்டால் என்கிறார்கள். அப்போது ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாகத் தூக்குவிசையை இழந்தால் விமானம் திருகிக்கொண்டு விழும். அதுவே சுழல் வீழ்ச்சி. பின்னால் எடை ஏறினால் அதிலிருந்து மீள்வது கடினமாகும். 2,000இல் விமானத்தின் எடையையும் முழுப் பெட்ரோலையும் கழித்தால் மாணவருக்கும் பயிற்றுநருக்கும் சேர்த்து எஞ்சுவது சுமார் 150 கிலோ. இருவரும் சற்றுப் பருத்தவர்களாக இருந்தால் இங்கும் பெட்ரோலைக் குறைக்க வேண்டும்.

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குச் சுழல் வீழ்ச்சிப் பயிற்சி கட்டாயம் என்ற விதி 1949இல் நீக்கப்பட்டது. அந்த முடிவு இல்லாமல் இருந்திருந்தால் குடும்ப விமானத்தில் பயிற்சி என்ற எண்ணமே வளர்ந்திருக்காது. தயாரிப்பாளர்கள் சுழல விரும்பாத விமானங்களைத் துணிந்து உருவாக்க அதுவே வழிவிட்டது.

இறக்கை மேலா, கீழா

செஸ்னாவா பைப்பரா என்ற வாக்குவாதம் விமானக் கொட்டகைகளில் ஓய்ந்ததே இல்லை. மேலே இறக்கை உள்ள செஸ்னாவில் குழந்தைகள் சன்னல் வழியாகக் கீழே ஆற்றையும் ஊரையும் பார்க்கலாம். மழையிலும் வெயிலிலும் இறக்கையின் நிழலில் நின்று ஏறலாம். ஆனால் திரும்பும்போது உட்பக்க இறக்கை தாழ்ந்து, திரும்பும் திசையையே மறைத்துவிடும். விமான நிலையத்தைச் சுற்றி மாணவர்கள் மொய்க்கும் வானத்தில் இது சிறு விஷயமல்ல. செரோக்கியில் மேல் வானம் திறந்திருக்கும், கீழே மறையும். அதற்கு வலப்பக்கம் ஒரே ஒரு கதவு. இறக்கை மேல் ஏறி, விமானி முதலில் நுழைந்து இடப்பக்கம் நகர வேண்டும்.

இவையெல்லாம் பழக்கம். பெட்ரோல் ஓட்டம் அப்படியல்ல. செஸ்னாவில் பெட்ரோல் உயரத்திலிருந்து தன் எடையாலேயே இறங்கும். தேர்வுக் குமிழை 'இரண்டும்' என்ற இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். செரோக்கியில் பம்பு வேண்டும். இடம் அல்லது வலம், ஒரு தொட்டியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நேரம் பார்த்து மாற்ற மறந்தால் ஒரு தொட்டி நிறையப் பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். தினமும் பறக்கும் பயிற்றுநர் இதை மறக்கமாட்டார். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு பறப்பவர், பின்னால் குழந்தை வாந்தி எடுக்கும்போது மறக்கக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் செஸ்னாவின் பக்கமே நியாயம் இருக்கிறது.

பயிற்சிக்கென்றே பிறந்தது

இரண்டு வேலையையும் ஒரே விமானம் செய்யக் கூடாது என்ற எதிர்க்கருத்தும் வலுவாக இருந்தது. சுழலாத விமானத்தில் கற்பவர் ஆபத்தை அறியாமலேயே உரிமம் வாங்கிவிடுகிறார் என்றார்கள் பயிற்றுநர்கள். பைப்பர் அவர்களிடம் பெருமளவில் கருத்துக் கேட்டு, 1978ஆம் ஆண்டு மாதிரியாக டோமஹாக் என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தைக் கொண்டுவந்தது. கேட்டபடியே அது ஸ்டால் நிலையை மறைக்காமல் காட்டியது. கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது எனலாம்: சுழல் வீழ்ச்சி விபத்துகளால் அதன் பெயர் கெட்டு, 1982இல் உற்பத்தி நின்றது. சுமார் 2,500 மட்டுமே வெளிவந்தன.

இந்தியாவில் கதை வேறு. பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பறக்கும் கழகங்களுக்காக உருவாக்கிய புஷ்பக் 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. இரண்டு இருக்கை, துணிப் போர்வை, வால்சக்கரம். அதன் தொடர்ச்சியாக நான்கு இருக்கைக்குத் திட்டமிடப்பட்ட கிருஷக் 1959இல் பறந்தும் வாங்க ஆள் இல்லை. குடும்பத்தோடு பறக்கும் நடுத்தர வர்க்கம் இங்கு இல்லாததால் அந்த விமானம் கிடப்பில் போடப்பட்டது. பிறகு பீரங்கிப் படைக்கு வானிலிருந்து கண்காணிக்கும் விமானம் தேவைப்பட்டபோதுதான் கிருஷக்குக்கு வாழ்வு வந்தது. அண்மைக் காலத்தில் இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் 172 பரவலாக இருப்பதும் குடும்பத்துக்காக அல்ல. பின் இருக்கையில் இன்னொரு மாணவர் உட்கார்ந்து பார்த்துக் கற்கலாம், கருவி வழிப் பறத்தலையும் அதிலேயே படிக்கலாம் என்பதற்காக.

அமெரிக்காவில் 1978இல் 17,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் உற்பத்தியாயின. பிறகு பொருளாதாரத் தேக்கம், எரிபொருள் விலை, பல பத்தாண்டு பழைய விமானங்களுக்கும் தயாரிப்பாளர் மீது தொடரப்பட்ட இழப்பீட்டு வழக்குகள் எல்லாம் சேர்ந்து தொழிலை முடக்கின. செஸ்னா 1986இல் பிஸ்டன் எஞ்சின் விமானங்களை நிறுத்தியது. பைப்பர் 1991இல் திவாலானது. 18 ஆண்டுகளைக் கடந்த விமானங்களுக்குத் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுப்பதை வரையறுக்கும் சட்டம் 1994இல் வந்த பிறகே கன்சாஸ் மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் 172 மறுபிறவி எடுத்தது. ஆனால் புது விமானத்தின் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து குடும்பத்துக்கும் பயிற்சிக்குமாக விமானம் தேடுபவர் பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் பிறந்த பழைய விமானங்களிடமே போகிறார்.

மணிக்கணக்கின் இரு முகங்கள்

பழைய விமானம் வாங்குபவர் முதலில் கேட்பது, இது எத்தனை மணி பறந்தது என்பதை. குறைந்த மணி பறந்ததே நல்லது என்று தோன்றும். எஞ்சினைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை. லைகமிங் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேற்புறத்தில் இருக்கிறது. பல வாரம் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து, ஈரத்தில் துரு பிடிக்கும். அதனால்தான் பழுதுபார்ப்புக்கு இடைப்பட்ட காலத்தை 2,000 மணி என்று மட்டும் சொல்லாமல் 12 ஆண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். 172என் மாதிரியில் வந்த ஓ-320-எச் வகை எஞ்சின் கேம் தேய்மானத்துக்குப் பேர் போனது. 1981இல் வந்த 172பி மாதிரியில் செஸ்னா அதைக் கைவிட்டது. தினமும் ஓடும் பயிற்சி விமானத்தின் எஞ்சின், கொட்டகையில் நிற்கும் குடும்ப விமானத்தின் எஞ்சினைவிட ஆரோக்கியமாக இருப்பது வழக்கம்.

இறக்கைக்கோ கணக்கு நேர்மாறானது. 2018 ஏப்ரல் 4 அன்று புளோரிடாவின் டேடோனா பீச் அருகே, பயிற்சித் தேர்வில் இருந்த பைப்பர் ஏரோ விமானத்தின் இடப்பக்க இறக்கை புறப்பட்ட சற்று நேரத்தில் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். ஏரோ என்பது செரோக்கியின் இறக்கையை உடைய, சக்கரம் மடங்கும் உடன்பிறப்பு. அந்த விமானம் 2007இல் செய்யப்பட்டது. 7,600 மணிக்கு மேல் பறந்திருந்தது. இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரத்தில், போல்ட் துளையிலிருந்து உலோகச் சோர்வு விரிசல் வளர்ந்திருந்தது. தாழப் பறத்தல், திரும்பத் திரும்ப இறங்குதல், கூர்மையான திருப்பங்கள் என்று பயிற்சி தந்த சுமைகளே விசாரணையில் முன்னால் வந்தன.

இதையடுத்து அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பிறப்பித்த ஆணை, வாரியர், ஆர்ச்சர், ஏரோ உள்ளிட்ட பல பைப்பர் மாதிரிகளுக்கு ஒரு சூத்திரத்தை வைத்தது. பயிற்றுநரோடு சேர்த்து வாடகைக்குக் கொடுக்கப்படும் விமானத்துக்கு 100 மணிக்கு ஒருமுறை ஆய்வு கட்டாயம். சொந்த உபயோகத்துக்கு ஆண்டு ஆய்வு போதும். ஆகவே பதிவேட்டில் எத்தனை 100 மணி ஆய்வுகள் இருக்கின்றன என்று எண்ணினால் விமானம் எவ்வளவு காலம் பள்ளியில் உழைத்தது என்று தெரியும். அந்த மணிகளை முழுதாகக் கணக்கிட வேண்டும். மற்ற மணிகளை 17ஆல் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 5,000ஐத் தொட்டால் போல்ட்டுகளைக் கழற்றி, துளைகளை மின்சுழல் முறையில் சோதிக்க வேண்டும்.

8,000 மணி பறந்த இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாகக் கொள்வோம். ஒன்று ஒரே குடும்பத்திடம் இருந்து 100 மணி ஆய்வே காணாதது: அதன் கணக்கு 8,000ஐ 17ஆல் வகுத்து, ஏறத்தாழ 471 மணி. மற்றது 60 ஆய்வுகள் கண்டது: 6,000 மணி அப்படியே, மீதி 2,000ஐ வகுத்தால் 118, மொத்தம் 6,118 மணி. வண்ணம் ஒன்று, வயது ஒன்று, மணிமானி காட்டும் எண்ணும் ஒன்று. முதலாவதற்கு இன்னும் பல்லாண்டுகளுக்குச் சோதனை தேவையில்லை. இரண்டாவது சோதனைக்கான நேரத்தைத் தாண்டிவிட்டது. இப்போது அமெரிக்காவில் பழைய செரோக்கி வகை விமானம் ஒன்றை விலை பேசப் போகிறவர், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பு பராமரிப்புப் பதிவேடுகளைப் புரட்டி 100 மணி ஆய்வுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார்.